எரண்டைகள் இறங்கிய குளம்

எங்கள் பக்கத்துக் குளங்களில் தண்ணீர் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு, இன்ஸ்பெக்டர் சார். செம்மண் அப்படி. மீன் வளர்க்கிறவன் அந்தப் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு போட்டுத்தான் ஆகவேண்டும். பாறசாலையில் நான் குத்தகைக்கு எடுத்த குளத்திலும் போட்டேன். அதில் யாரும் குற்றம் காண முடியாது.

மார்கழியில் எரண்டைகள் இறங்கின. காட்டு வாத்துகள், சீட்டியடிப்பதுபோல் கூவும். அவற்றைப் படம் எடுக்க நெய்யாற்றின்கரையிலிருந்து தீபு வந்தார். மரியாதையான மனிதர். என் மனைவி ஜீனா அவருடைய பைனாகுலரை வாங்கிப் பார்ப்பாள். வீட்டிலும் எரண்டைப் பேச்சுதான். அவள் சிரிப்பு மாறியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பறவை இல்லாவிட்டால் அவருக்கு இங்கே என்ன வேலை என்று மட்டும் யோசித்தேன்.

சேற்றில் ஒரு கிருமி உறங்கும் என்று மீன்வளர்ப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தண்ணீரின் புளிப்பு போய், வெயில் ஏறி, கழிவு அழுகித் தண்ணீரில் காற்றும் குறைந்தால் அது விஷம் கக்கும், வாத்துகள் சாகும். மாசி வெயிலில் மீனையெல்லாம் பிடித்து விற்றேன். பிறகு சுண்ணாம்பை அள்ளிப் போட்டேன். கோழிக்கடைக் கழிவையும் கொட்டினேன். விஷம் எதுவும் நான் கலக்கவில்லை. தண்ணீரைத்தான் மாற்றினேன்.

எரண்டைகளின் கழுத்து துவண்டது. தலையைத் தூக்க முடியாமல் நீந்திய இடத்திலேயே மூழ்கின. ஜீனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தாள். அவள் மடியில் கிடந்தே செத்தன.

தீபு கரையில் அரிசி தூவியதை நான் கண்டதாக ஊரில் சொன்னேன். படத்துக்காகப் பறவைகள் கிட்டே வரத் தூவியது உண்மைதானே. விஷ அரிசி என்று ஊர்க்காரர்களே முடிவுகட்டி அவர் கையை ஒடித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தது நான்தான்.

அரிசியில் விஷமில்லை என்று பரிசோதனை முடிவு வந்த அன்று, ஜீனா அடுக்களை வாசலில் நின்றாள்.

"மீனெல்லாம் வித்த பொறவு குளத்தில எதுக்கு இவ்வளவு சுண்ணாம்பு?"

"குளத்து வெள்ளம் சுத்தமாகட்டும்னாக்கும்."

"மீனுக்கா போட்டீங்க, தீபுவுக்கா?"

பதில் சொல்லுமுன் பையை எடுத்துக்கொண்டு பாலராமபுரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொல்லித்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். எல்லாம் நான் செய்ததுதான். மறைக்க ஒன்றுமில்லை.

அங்கே சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறாளாம். கீபோர்டு வாசிக்கும் ராபின்சன் தினமும் அவளை வீடுவரை கொண்டுவிடுகிறாராம். நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறார்கள். நான் யாரையும் சந்தேகப்படுகிறவன் அல்ல, சார். அவர் வீட்டில் குடிப்பதற்குக் கிணறா பைப்பா என்று மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன்.