மண்டையோடு இல்லாத பதிப்பு

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் இருந்தவர்கள்: முதலாளி மகாதேவன், படம் வரையும் வந்தனா, நிகில், வெயிலுமுத்து என்கிற நான். டீயில் சர்க்கரை தூக்கல்.

எங்கள் வேலை எளிது, சார். டிவியில் போட்டு விளையாடிய பழைய கேம்களை போனில் ஓடும்படி மாற்றி விற்கிறோம். ஜப்பான் கேசட்டில் ரத்தம் சிவப்பாக இருக்கும்; வெளிநாட்டுக்குப் போகும்போது அதை வியர்வை ஆக்கிவிடுவார்கள். கல்லறைச் சிலுவை, மண்டையோடு எதுவும் இருக்காது. ‘செத்தான்’ என்ற இடத்தில் ‘போய்விட்டான்’ என்று வரும். இரண்டு வருஷமாக ராத்திரி ஷிப்டில் நானும் அதைத்தான் செய்தேன். காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு அமைந்த ஒரே நல்ல வேலை.

நிகில் வந்து மூன்று மாதம். இங்கே மாட்டுங்காவில் இங்கிலீஷ் ஸ்கூலில் படித்த பையன், தமிழ் பேசுவான், தமிழில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஜப்பான் கேசட் ஒன்றைத் தேடிப்பிடித்து, நான் எடுத்ததையெல்லாம் திரும்ப வைத்து, அன்று ஓட்டிக் காட்டினான்.

“முத்தண்ணா, உங்க கேம்ல கத்தியால குத்தினா வேர்க்கறது. ஃபேன் போட்டா பொழச்சுப்பானா?”

வந்தனாவுக்குச் சிரித்துப் புரையேறியது. மகாதேவன், “திங்கக்கெழமைலேர்ந்து நிகில் பண்ணினதுதான். முத்து பண்ணினத தூக்கிடுங்கோ,” என்றார். நான் கோபப்படவில்லை.

சனிக்கிழமை மதியம் பூச்சிமருந்துக்காரர்கள் பின்னறையில் மருந்து வைத்து, கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்தி, இங்கிலீஷ், மேலே மண்டையோடு. நான் அதைக் கிழித்துவிட்டுத் தமிழில் எழுதி ஒட்டினேன்: ‘உள்ளே விஷப்புகை. திங்கள் வரை திறக்கக் கூடாது.’ ஆபீஸ் இருப்பது லேபர் கேம்ப் என்கிற பேட்டையில், சுற்றிலும் தமிழர்கள். ஒரு சொல் குறைக்கவில்லை. படத்தை மட்டும் எடுத்தேன்.

பிறகு நிகிலுக்கு போன் செய்தேன். அவன் கேசட் பின்னறையில் கிடக்கிறது, பூச்சி அரிக்கும் என்றேன். ஐந்து மணிக்கு வந்தான். தன் போனைச் சார்ஜில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தான். தாளைப் பார்த்தான்.

“என்ன அண்ணா எழுதிருக்கு?”

“செருப்பக் கழட்டிட்டுப் போகணுமாம்டே. இப்பத்தான் தொடச்சிருக்கு.”

“என்னமோ வாடை தூக்கறதே.”

“பினாயிலு. கேசட்டு மேல் தட்டுல இருக்கு, நல்லாத் தேடு.”

செருப்பை ஜோடியாக ஓரத்தில் வைத்தான். நல்ல வளர்ப்பு.

நான் கொலை செய்யவில்லை, சார். எச்சரிக்கை அவன் கண்முன்னே இருந்தது; படிக்கத் தெரியாதது அவன் குறை. உங்கள் தாளில் ‘போய்விட்டான்’ என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்தி, காலையிலேயே வாங்கி வைத்திருந்த பூட்டைப் போட்டேன்.