பதினேழாம் எண் பெட்டி

“உன் புருஷன் செத்தது ஆலை வளைவுல. உன் ஜன்னலுக்குக் கீழ இல்லடி” என்று எங்கள் ஊர் ஸென்ஸி என் சமையலறையில் நின்று கத்தியபோது, ஓவனில் ஆப்பிள் கேக் பாதிதான் வெந்திருந்தது. பாதி வேக்காட்டில் ஓவன் கதவைத் திறந்தால் கேக் நடுவில் அமுங்கிவிடும். அதனால் நான் திறக்கவில்லை.

“கத்தாத. உக்காரு.”

“உக்காரவா வந்தேன்? வியாழக்கிழமை கான்கிரீட் போடுறாங்க. அதுக்குள்ள சிலுவையக் கொண்டுபோய் பழைய இடத்துல நடு. கம்பமும் தானா அங்க போயிடும்.”

“பெயின்ட் இன்னும் காயல, ஸென்ஸி.”

“மூணு வாரமாவா காயுது? பெயின்டா அடிச்ச, ஜாம் தடவுனியா?”

அன்றைக்கு அந்தக் கேக் நன்றாகவே வந்தது. இப்போது உங்கள் முன்னால் இருப்பதும் அதே பக்குவம்தான், சாப்பிடுங்கள். வியன்னாவிலிருந்து மூன்றரை மணி நேரம் வண்டியோட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கேட்க வந்த கேள்வி பதினேழாம் எண் பெட்டியைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். பதில் சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும். எனக்கும் உட்கார்ந்து பேச ஆள் கிடைத்து நாளாகிறது.

அரசாங்கம் நல்ல மனதோடுதான் கொடுத்தது. பாதிப் பணம் வியன்னா, பாதிப் பணம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றியம். எங்கள் பள்ளத்தாக்கில் நாற்பது வண்டிகளுக்குள் இலவசமாக ஆளுக்கொரு பெட்டி, ஊருக்கு ஒரே ஒரு கம்பம். கம்பம் தன் காலடியில் இருக்கும் தார் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து, வருகிற வண்டிகளின் பெட்டிகளுக்குச் சொல்லும். தரை உறைந்திருந்தால் பெட்டி “வழுக்கும்” என்று பேசும், இல்லையென்றால் “பாதை நலம்” என்று பேசும். எதுவானாலும், கம்பத்தை நெருங்கும்போது முப்பதுக்கு மேல் ஓட்டினால் கீச்சுக்கீச்சென்று உயிரை வாங்கும். கம்பத்தைத் தாண்டியதும் வாயை மூடிக்கொள்ளும். வண்டி எதிலாவது மோதினால் பெட்டியே உதவிக்கு அழைத்துவிடும். யூலியான் என்று ஒரு பொறியாளர் வந்து ஊர்க்கூட்டத்தில் இதையெல்லாம் படம் போட்டுக் காட்டினார்.

ஒரே கம்பம் என்றால் எங்கே நடுவது? உயிர் போன இடத்தில் நடுவோம் என்றார் அவர். நியாயம்தான்.

எங்கள் பக்கம் சாலையில் ஒருவர் இறந்தால், இறந்த இடத்தில் வீட்டார் ஒரு மரச்சிலுவை நடுவார்கள். மேலே சின்னக் கூரை, நடுவில் படம், கீழே சிவப்பு விளக்கு. வீட்டாரைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். சாய்ந்து கிடந்தால்கூட நிமிர்த்த மாட்டார்கள், வீட்டாரிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். என் கணவர் அலோயிஸின் சிலுவை ஆலை வளைவில் இருபத்தோரு வருடம் நின்றது. ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் ஊசியிலை மரங்கள். நவம்பர் பிறந்தால் பிப்ரவரி முடியும்வரை அங்கே வெயில் இறங்காது. என் வீடு வளைவுக்கு நானூறு மீட்டர் முன்னால், தெற்கு பார்த்து நிற்கிறது. என் வாசலில் ஈஸ்டருக்கு முன்பே பூனைகள் வெயில் காயும்.

அந்த வருடம் செப்டம்பரில் சிலுவைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமென்று பிடுங்கிக்கொண்டு வந்தேன். அடித்து முடித்ததும், காயட்டும் என்று என் வேலிக்கு வெளியே சாலையோரமாக நட்டுவைத்தேன். பொறியாளர் இடம் பார்க்க வரப்போகிறார் என்பது எனக்கு நான்கு நாள் முன்பே தெரியும். இந்த ஊரில் எனக்குத் தெரியாமல் என்ன வந்திருக்கிறது?

அவர் மெல்லிய காலணியோடு வந்து சிலுவை முன்னால் நின்றார், தேதியைக் குறித்துக்கொண்டார்.

“இங்கதானாம்மா? போலீஸ் பதிவுல ஆலைக்குப் பக்கத்துலன்னு மட்டும்தான் இருக்கு.”

“சின்ன ஊரு தம்பி. எங்கிருந்து பார்த்தாலும் ஆலை பக்கம்தான்.”

“அப்ப இந்த இடம்தான்?”

“சிலுவை இங்கதான நிக்குது.”

நான் பொய் சொன்னதாக நீங்கள் எழுதிக்கொள்ள முடியாது. காகிதத்தை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். கேக் இரண்டு துண்டு சாப்பிட்டார். தாய் இல்லாமல் வளர்ந்த பிள்ளை என்று பேச்சில் தெரிந்தது, காதலியோடும் அப்போது சரியில்லை.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். முன்பெல்லாம் என் வாசலில் பால் சேகரிப்பு மேடை இருந்தது. காலையில் மொத்த ஊரும் அங்கே நின்று போகும். யார் யாரோடு வருகிறார்கள், யார் முகம் அழுதிருக்கிறது, யார் புதுக் கோட்டு போட்டிருக்கிறார்கள் என்று ஜன்னலில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். பிறகு பாலை டாங்கர் வண்டி தொழுவத்துக்கே வந்து எடுத்துக்கொண்டு போனது, மேடையை இடித்தார்கள், சாலையை அகலமாக்கினார்கள். எல்லோரும் எண்பதில் போக ஆரம்பித்தார்கள். எண்பதில் போகிறவர்களுக்கு முகம் கிடையாது. கணவனும் போய், முகங்களும் போய், ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன செய்வாள்? எனக்கு வேண்டியிருந்தது முப்பது. அதற்கு மேல் ஒன்றும் நான் ஆசைப்படவில்லை.

ஸென்ஸிக்குத்தான் பொறுக்கவில்லை. முதலில் ஊர்த்தலைவரிடம் போனாள். “ஒரு விதவையோட சிலுவை விஷயத்துல நான் வாயே திறக்க மாட்டேன், என்னை விட்டுடு” என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு வியன்னாவுக்குக் கடிதம் போட்டாள். விதவையே கையெழுத்திட்டிருக்கிறார் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் என் சமையலறைக்கு வந்தாள். கத்தி முடித்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. கத்தியதைவிட அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

“மார்லீஸ் தினம் விடியக்காலையில அந்த வளைவுலதான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போறா, ரோஸ்விதா. எனக்கு ஒரே பொண்ணு. ஈஸ்டர் கழிச்சு கல்யாணம். என்ன பண்ணணும் சொல்லு. கால்ல விழணுமா?”

“விழாத. தரைய இப்பதான் துடைச்சேன்.”

அவள் போய்விட்டாள். சிலுவையைத் தொடவில்லை. பிடுங்கியிருக்கலாம், அவள் கை பலமானது. ஆனால் வழக்கம் தெரிந்தவள்.

வியாழக்கிழமை கான்கிரீட் போட்டார்கள். அடுத்த வாரம் கம்பம் நின்றது, உச்சியில் சின்ன நீல விளக்கோடு. பெட்டி வைத்த வண்டி நெருங்கினால் அது எரியும், விடியாத இருட்டிலும் உள்ளே இருப்பவர் முகம் தெரியும். எனக்குத் தொலைக்காட்சியே தேவைப்படவில்லை. விளக்கு எரிந்ததும் காபியை வைத்துவிட்டு நிமிர்ந்தால் போதும், முகம் வந்துவிடும். தபால்காரர் தலைக்குச் சாயம் அடித்திருந்தார். பாதிரியார் வண்டி ஓட்டிக்கொண்டே ஏதோ தின்றார். நவம்பரில், இரண்டு செவ்வாய்க்கிழமைகள், மார்லீஸுக்கு நிச்சயித்த கெர்னோட்டின் வண்டியில் மருந்துக்கடை பிர்கிட் இருந்தாள். நான் மார்லீஸிடம் சொல்லவில்லை. மற்றவர் குடும்பத்தில் நான் தலையிடுவதில்லை. மூன்று பேரிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று.

மார்லீஸின் பெட்டிக்குத்தான் எண் பதினேழு. தினமும் ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கம்பத்தைக் கடப்பாள். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் கை காட்டுவாள். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திய பிறகும் காட்டினாள். நல்ல பெண்.

குளிர்காலம் முழுவதும் கம்பம் அவளிடம் “பாதை நலம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் வெயில் வாங்கிய என் வாசல் தார் உறைவதில்லை, கம்பம் பார்த்ததைச் சொன்னது. அதுவும் பொய் சொல்லவில்லை.

ஜனவரி பதினான்காம் தேதி நான் ஐந்து மணிக்கே எழுந்து ஆலை வளைவுக்கு நடந்தேன். அலோயிஸின் நினைவு நாள் அது. சிலுவையை என் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாலும், விளக்கை அன்று அங்கேதான் ஏற்ற வேண்டும் என்று தோன்றியது. அவர் அங்கேதானே இருக்கிறார். சிலுவை பிடுங்கிய குழியருகே விளக்கை வைத்துவிட்டுத் திரும்பும்போது சறுக்கி விழுந்தேன். எழுந்து இரண்டாவது முறையும் விழுந்தேன். சாலை முழுக்கக் கண்ணாடிபோல உறைபனி. கறுப்பாக, ஈரமே இல்லாததுபோல இருந்தது. புல்லைப் பிடித்துக்கொண்டே ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தேன். கோட்டைக் கழற்றி மாட்டியபோது மணி ஐந்து ஐம்பது. காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

நீல விளக்கு எரிந்தது.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியும் மூன்று மீட்டரும் இருந்தன. வண்டி முப்பதில் வந்தது. வழக்கம்போலக் கை காட்டினாள். நான் ஒரு விரலால் ஜன்னலைத் தட்டியிருந்தாலே நிறுத்தியிருப்பாள். என் கை வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து இருக்கையில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தான். கெர்னோட் இல்லை. அகலமான தோள், பச்சைத் தொப்பி. ஆகட்டும், இவளும் பதிலுக்குக் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, யார் அது என்று பார்ப்பதற்காகக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்தேன். என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்தேன். அதற்குள் வண்டி கம்பத்தைத் தாண்டிவிட்டது, பெட்டி வாயை மூடியது, அவள் வேகம் பிடிப்பது கேட்டது. ஓட்டக் கற்றுக்கொண்ட நாள் முதல் அந்த வளைவில் நடை வேகத்தில் போனவள் அவள். அந்தக் குளிர்காலத்தில்தான் அதை விட்டிருந்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஓடை வாங்கிக்கொண்டது.

பெட்டியே உதவிக்கு அழைக்கும் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். ஆகவே நான் அழைக்கவில்லை. இரண்டு பேர் அழைத்தால் அவர்களுக்குக் குழப்பமாக இருக்காதா? காபி குடித்தேன். பிறகுதான் தெரிந்தது, தண்ணீருக்குள் மூழ்கிய பெட்டியால் பேச முடியாதாம். ஏழே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் பார்த்தார். ஒரு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் ஸென்ஸியிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை என்றார்கள். ஒரு சாப்பாட்டுப் பை மட்டும்தான். ஓடையைக் கீழ்வரை தேடச் சொன்னேன், தேடினார்கள். நான் பார்த்தது பார்த்ததுதான். அன்று சாயங்காலம்தான் எனக்குப் பிடிபட்டது. அப்படி ஒரு பச்சைத் தொப்பி என் அலமாரியில் இருக்கிறது. இந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லை. அவர் என் பக்கம் திரும்பவில்லை. நேராக வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தோரு வருடம் நின்ற இடத்திலிருந்து ஒருவரைப் பிடுங்கினால் அவரும் எங்கேயாவது போய் உட்காரத்தானே வேண்டும். ஆக, அவளைக் கூட்டிக்கொண்டு போனது அலோயிஸ். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, குடும்ப விஷயம்.

அடக்கத்தின்போது ஸென்ஸி என்னிடம் வந்தாள். கத்தவில்லை.

“அன்னிக்கு அவளப் பாத்தியா?”

“பார்த்தேன்.”

“எப்படி இருந்தா?”

“கை காட்டினா.”

“நீயாவது பார்த்தியே” என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நான் வாங்கிக்கொண்டேன்.

இனி உங்கள் கேள்வி. பெட்டி நொறுங்கி இரண்டு வருடம் ஆகியும், உங்கள் பதிவில் தினமும் காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பதினேழாம் எண் பெட்டி கம்பத்தைக் கடக்கிறது. மூன்று முறை ஆள் வந்து பழுது பார்த்தார்கள், பழுது இல்லை. பழுது இல்லைதான். நீல விளக்கு எரிகிறது, வண்டி வருகிறது. முன் இருக்கைகளில் இரண்டு பேர். அவள் இன்னும் கை காட்டுகிறாள். நான் இப்போதெல்லாம் ஜன்னலைத் தட்டுகிறேன். நன்றாகவே தட்டுகிறேன், இந்தக் கண்ணாடியை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. அவர்கள் நிறுத்துவதில்லை.

மார்லீஸின் சிலுவையை ஸென்ஸி ஆலை வளைவில் நட்டாள். புதிதாகத் தோண்ட வேண்டியிருக்கவில்லை, அலோயிஸின் குழி அப்படியே இருந்தது. மறு வருடம் வீட்டை விற்றுவிட்டு லின்ஸ் நகரத்தில் தங்கையோடு போய் இருந்துகொண்டாள். அந்த வீட்டைப் பனிச்சறுக்கு விளையாட மட்டும் வருகிற டச்சுத் தம்பதி வாங்கியிருக்கிறார்கள், திரைச்சீலையே போடுவதில்லை. கெர்னோட் பிர்கிட்டைக் கட்டிக்கொண்டு கிராஸ் நகரத்துக்குப் போய்விட்டான், மார்ச்சில் குழந்தை. கணக்குப் போட்டால் கொஞ்சம் இடிக்கிறது, எனக்கென்ன. மார்லீஸின் சிலுவை போன குளிர்காலத்திலிருந்து சாய்ந்து கிடக்கிறது. நிமிர்த்த வீட்டார் இல்லை. மற்றவர் சிலுவையில் நான் கை வைக்க மாட்டேன், வழக்கத்தை மீறுகிறவள் இல்லை.

கம்பத்தை இங்கேயே வைப்பதா, இடம் மாற்றுவதா என்று நீங்கள்தான் அறிக்கை எழுதப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கம்பம் வந்த நாளிலிருந்து என் வாசலில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை, அதை மறக்காமல் எழுதுங்கள்.