கொழுப்புக் குளிசை

— கதவைத் திறவடி றோஸ்! திறக்காட்டி இந்த இரும்பு அலவாங்காலைப் பிளந்துகொண்டு வருவன், புனித யாகப்பராணை!

— பிளவுங்கோ. மூண்டு அடி அடிச்ச உடனை மூச்சு வாங்குது உங்களுக்கு. வெளியிலை நிக்கிற எனக்குக் கேக்குது.

— எங்கையடி போனனி? விடியப் பூட்டிப்போட்டுப் போனனி. ஒரு மணித்தியாலமா நாய் மாதிரிக் குலைக்கிறன், ஒரு சனம் எட்டிப் பாக்கேல்லை.

— நான்தான் சொல்லிப்போட்டுப் போனனான், ஆரும் கிட்டப் போகாதையுங்கோ எண்டு. பிரகாஸிட்டைப் போட்டு வாறன்.

— ஆ! நினைச்சனான். “தம்பி, அத்தான் வெட்ட வரப்போறார், ஓடித் தப்படா” எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய்.

— அவன் ஓடேல்லை.

— நல்லம். வீட்டிலையே நிக்கட்டும். அவன்ரை கை ரெண்டையும் தோளோடை கழட்டிக் கடல்லை எறியாட்டி நான் இன்னாசித்தம்பியின்ரை மகன் இல்லை.

— இஞ்சேருங்கோ, கத்தாதையுங்கோ. பிறசர் ஏறும்.

— ஏறட்டும்! நேற்று கிளினிக்கிலை அந்த டொக்டர் பிள்ளை என்ன சொன்னது? நீயும் பக்கத்திலைதானே இருந்தனி. “ஐயா, மூண்டு மாசத்துக்கு முதல் உங்கடை கிறியற்றினின் ரெண்டரை. இப்ப ஆறு. கிட்னியை ஆர் உங்களுக்கு இப்பிடிச் செய்தது?” எண்டு கேட்டது. நான் என்னத்தைச் சொல்ல? என்ரை பெஞ்சாதியின்ரை கூடப்பிறந்த தம்பி தேனிலை குழைச்சுத் தந்த பவுடர் எண்டு சொல்லவோ? ஆரோ தந்த பவுடர் எண்டு மட்டும் சொன்னன்.

— அவனை இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். அதையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்.

— உன்னிலை எனக்குக் கோவமில்லை.

— எனக்கு இருக்கு.

— உனக்கு என்னடி தெரியும்? மடையன் நானெல்லோ. கிளினிக்கிலை தந்த, கொழுப்பைக் குறைக்கிற குளிசையைப் போடத் தொடங்கினாப்பிறகு தொடை ரெண்டும் உலக்கையாலை இடிச்ச மாதிரி நொந்தது. வலையைப் பிடிச்சு இழுக்கேலாமல் போச்சு. அப்பத்தான் உவன் வந்து குந்தியிருந்து கதைச்சான். “அத்தான், கிட்னிக்காரன் கொழுப்புக் குளிசை போட்டால் அது கிட்னியைத்தான் முதல் தின்னும். எல்லாத்தையும் தூக்கி எறியுங்கோ, என்ரை பவுடரைக் குடியுங்கோ” எண்டான். எறிஞ்சன். மூண்டாம் நாள் நோ பறந்துபோச்சு. பிறகு குருநகர் முழுக்க அவனுக்கு ஆள் பிடிச்சுக் குடுத்தது நான்தானே!

— நோ ஏன் பறந்தது எண்டு டொக்டர் சொன்னவதானே.

— சொன்னவ. பவுடருக்குள்ளை நோவுக் குளிசையை அரைச்சுக் கலந்திருக்கும், அதுதான் கிட்னிக்கு நஞ்சு எண்டு சொன்னவ. அதைக் கேட்ட நேரத்திலையிருந்து என்ரை கை சும்மா இருக்கேல்லை. திற!

— பலகை தெறிக்குது. முகத்திலை படப்போகுது, தள்ளி நில்லுங்கோ.

— என்ரை முகத்தைப் பற்றி இப்ப ஆருக்குக் கவலை?

— எனக்கு. இஞ்சேருங்கோ, அலவாங்கைக் கீழை போட்டிட்டுக் கட்டிலிலை இருங்கோ. நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. எல்லாத்துக்கும் சரியாச் சொன்னால் திறக்கிறன்.

— என்ன, ஞானோபதேச வகுப்போ?

— அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ. கொழுப்புக் குளிசை எப்ப போடோணும்?

— விசர்க் கதை கதையாதை.

— எப்ப?

— இரவு. ஒண்டு.

— ஏன் போடோணும்?

— நேற்றுச் சொன்னவதானே... கிட்னி பழுதான ஆக்களிலை கனபேரை முதல் கொண்டுபோறது நெஞ்சுதானாம். இரத்தக் குழாயிலை கொழுப்பு அடைச்சுக்கொள்ளுமாம். அந்தக் குளிசை கிட்னியைத் தின்னாதாம், நெஞ்சைத்தான் காக்குமாம். அப்ப பிரகாஸ் சொன்னது முழுக்கத் தலைகீழ்! றோஸ், திறவடி, அவனை நான்...

— இருங்கோ. திரும்பவும் தொடை நொந்தால்?

— நானா நிப்பாட்டக் கூடாது. கிளினிக்கிலை போய்ச் சொல்லோணும். இரத்தம் சோதிச்சுப்போட்டு அளவைக் குறைப்பினம், இல்லாட்டி வேறை குளிசை தருவினம்.

— கடையிலை நோவுக்கு ஏதும் வாங்கி?

— போடமாட்டன். கேட்டாச்சோ?

— கருவாடு?

— உப்பு. கூடாது.

— இளநி, வாழைப்பழம்?

— பொட்டாசியம் கூடிக் கிடக்குதாம் எனக்கு. அதுவும் கூடாது. தேங்காய்ப்பால் சொதி கூடாது. பொரியல் கூடாது. பிறகு என்னத்தையடி தின்னுறது? கடற்கரையிலை பிறந்தவன் கோவா இலையைத் தின்னுகொண்டு கிடக்கட்டோ?

— மீன் தின்னலாம். ஒரு துண்டு. புளி விட்டு அவிச்சு, பால் விடாமல், உப்பு நுனிவிரலாலை. ஜெசிதாவுக்குப் போனிலை எல்லாம் விவரமாச் சொல்லிப்போட்டன். அடுத்த கிளினிக் திகதியும் குடுத்திட்டன்.

— ஜெசிதாவுக்கோ? கலியாணம் கட்டி நல்லூரிலை இருக்கிற மகளுக்கு என்ரை மீன்கறி எதுக்கு?

— வரச்சொன்னனான். ஸ்கூட்டியிலை வந்துகொண்டிருக்கிறாள். கொஞ்சக் காலம் உங்களோடை இருப்பாள்.

— நீ எங்கை போறாய்?

— அவள் வந்த உடனை குளிசைப் பையை எடுத்து அவளிட்டைக் குடுங்கோ.

— கேக்கிறனெல்லோ! நீ எங்கையடி போறாய்? ஓ, விளங்குது. தம்பியைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கோ வேறை எங்கையுமோ ஒளிக்கப் போறாய். முப்பது வருசம் கட்டினவனை விட, அவனெல்லோ உனக்குப் பெரிசு! இரத்தம் இரத்தத்தோடைதானே சேரும். போ! போய் அவனோடை இரு! நான் செத்தால் செத்தவீட்டுக்கும் வராதை!

— அவனைத் தூக்கி வளத்தனான் நான். அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயசு.

— அப்ப போ எண்டு சொல்லுறன்!

— முதல் கேளுங்கோ. நான் போகேக்கை அவன் குசினியிலை இருந்தவன். கிறைண்டருக்குள்ளை குளிசையைப் போட்டு அரைச்சுக்கொண்டு இருந்தவன். வெள்ளைக் குளிசை. என்னைக் கண்டும் நிப்பாட்டேல்லை. மேசையிலை அஞ்சு பைக்கற் கட்டி வைச்சிருந்தான், ஒவ்வொண்டிலையும் பேர் எழுதி. ஒண்டிலை “பண்டத்தரிப்பு நல்லம்மா” எண்டு கிடந்தது.

— ஆரது?

— எனக்குத் தெரியாது. உங்களைப்போலை இன்னொரு மனுசி. நான் அவன்ரை காலிலை விழுந்தனான். வயசிலை மூத்தவள், விழுந்தனான். “இனி உதைச் செய்யாதை, வாங்கிக் குடிச்ச ஆக்கள் எல்லாரிட்டையும் போய் உண்மையைச் சொல்லு, நானும் உன்னோடை வாறன்” எண்டு கெஞ்சினனான்.

— அதுக்கு என்ன சொன்னான்?

— “அக்கா, அத்தான் எப்பிடியும் சாகப்போற மனுசன்தானே. மூண்டு மாசம் நோ இல்லாமல் வைச்சிருந்தனான், அதுக்கு நீங்கள் எனக்கு நன்றியெல்லோ சொல்லோணும்” எண்டான். சொல்லிப்போட்டுச் சிரிச்சான்.

— சிரிச்சவனோ?

— ஓம்.

— வெளியிலை விடடி என்னை! விடு! இந்தக் கதவை உடைக்காட்டி... அவன்ரை பல்லை ஒவ்வொண்டா...

— உடையுங்கோ, நான் தடுக்கேல்லை. இந்தா, பூட்டிலை திறப்பையே போடுறன். கொழுவி கழண்டுது. வாங்கோ வெளியிலை. ஐயோ, உங்கடை கையெல்லாம் இரத்தம். இந்தச் சீலைத்துணியாலை சுத்துங்கோ.

— தள்ளு. படலையடியிலை என்ன வாகனம்? ஜெசிதாவோ?

— ஜீப்.

— பொலிசோ? அந்த நாய் எனக்கு எதிரா முறைப்பாடு குடுத்திட்டானோ? நான் இன்னும் அவனிலை விரல் வைக்கேல்லையே!

— ஓம், நீங்கள் வைக்கேல்லை. நீங்கள் உள்ளுக்கை நிண்டு கத்தினது ஒழுங்கையிலை இருக்கிற சனம் முழுக்கக் கேட்டது. உங்களை ஆரும் ஒண்டும் சொல்லேலாது. ஜீப்புக்குப் போன் எடுத்தது நான்.

— நீயோ? நீ ஏன் எடுத்தனி? றோஸ், என்னைப் பார். ஏன் எடுத்தனி?

— அவன்ரை கையை முறிக்கத்தான் குசினி வாசலிலை சாத்தியிருந்த துடுப்பை எடுத்து ஓங்கினனான். அவன் குனிஞ்சிட்டான், தலையிலை விழுந்திட்டுது. என்ரை தம்பி இனி எழும்பமாட்டான்.