கீர்த்தி தேவியின் மேகம்

பாரிசில் ஆரஞ்சுப் பழம் விற்பவர்களுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம், ஐயா. இசைநாடகத்துக்கு முன்னால் வரும் பாயிரத்தை எழுதுபவன் நான். மேடையில் தேவதைகள் அரசரைப் புகழ்ந்து பாடும் அந்த நேரத்தில்தான் சபையினர் பழம் உரிப்பார்கள், நாய்க்குட்டியைக் கொஞ்சுவார்கள், பழைய காதலியைக் கண்டு இடம் மாறுவார்கள். பாதிப் பேர் வந்தே சேர்ந்திருக்க மாட்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனாலும் ஆசையாக எழுதிவந்தேன்.

சென்ற மாதம் அரங்கத் தலைவர் கார்னோ என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் கவிஞரே, உம்ம பாயிரத்த எவன்யா கேக்குறான்? அடுத்த நாடகத்துல அது வேண்டாம்."

அன்று மாலையில், கீர்த்தி தேவியாகப் பாடும் அர்மாந்த் மர மேகத்தில் அமர்ந்து கயிற்றில் இறங்கும்போது மேகம் ஒரு பக்கம் சாய்ந்தது. தற்செயல்தான். சபை கப்சிப்பென்று அடங்கியது. என் வரிகள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டன. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். மறுநாள் கூட்டம் நேரத்தோடு வந்து அண்ணாந்து பார்த்தது.

ஆனால் மேகம் ஒழுங்காக இறங்கிய நாட்களில் மறுபடி பழம் உரித்தார்கள். அதனால் இறகுப் பேனா சீவும் கத்தியால் கயிற்றின் புரியை அவ்வப்போது அறுத்துவைத்தேன். கொஞ்சம்தான்.

அர்மாந்த் தங்கமான பெண். "அண்ணே, மேல ஏறுனாலே பயமா இருக்கு. தரையில நின்னு பாடுறேன்னு கார்னோகிட்ட சொல்லுங்களேன்," என்று கேட்டாள். கீர்த்தி நடந்து வந்தால் அரசருக்கு மரியாதையா என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரு பக்கக் கயிறு முழுதாக அறுந்தது. அவள் மேகத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். அரசர் புகழை நடுவில் நிறுத்தும் வழக்கம் நம்மிடம் ஏது? வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். மேகத்தைத் தரைவரை இறக்க வேண்டியது பாட்டு முடிந்த பிறகு என்பதால் கயிற்றுச் சக்கரத்தைச் சுற்றுபவர்களும் காத்திருந்தார்கள். அவளும் பாடினாள், பாவம். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் இறக்கியிருப்பார்கள். ஆனால் இன்னும் நான்கு வரிகள் இருந்தன.

மூன்றாம் வரியில் விழுந்தாள்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. அவள்மேல் எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். கடைசி வரி யார் காதிலும் விழவில்லை. அதுதான் நன்றாக அமைந்த வரி. பேனாவைக் கீழே வையுங்கள் ஐயா, பாடிக் காட்டுகிறேன்.