முதல் பந்துக்குத் திறந்த கையுறை

தலைமை வகிக்கும் கமோமே பேஸ்பால் கழகத் தலைவர் குசுமி அவர்களே, கணவரை இழந்து கலங்கி நிற்கும் யாசுயோ அண்ணி அவர்களே, மருத்துவமனையின் குழந்தைகள் வார்டிலிருந்து வந்திருக்கும் செவிலியர்களே, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஹமசாகி அம்மையாரே, நனைந்த குடைகளை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் கேப்டன் ஓனிஷி கன்ஜி அவர்கள் மறைந்து இன்றோடு பதினொரு நாள். ரயில் நிலைய வாசலில், தன் டாக்சியில், ஸ்டியரிங்கில் வைத்த கை வைத்தபடியே போய்விட்டார். வரிசை நகரவில்லையே என்று பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்திருக்கிறார். ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்காத மனிதரா நம் ஓனிஷி?

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் மோரியாசு, மருந்துக்கடைக்காரன், கழகச் செயலாளர். முப்பத்தோரு ஆண்டுகள் கேப்டன் பந்தெறிந்தார், நான் குனிந்து உட்கார்ந்து பிடித்தேன். அவருடைய பந்தில் வேகம் இருந்தது என்று இங்கே யாராவது பேசினால் நம்பாதீர்கள். வாய்தான் வேகம்! “மோரி, உன் முட்டி சத்தம் ரெண்டாவது பேஸ் வரைக்கும் கேக்குதுடா. எண்ணெய் போட்டுட்டு வா” என்பார்.

அக்டோபர் முதல் ஞாயிறு, வார்டுக் குழந்தைகளுக்காக நாம் விழா நடத்துகிறோமே, அதைத் தொடங்கியவர் யார்? ஓனிஷி! ஆறு டாக்சிக்காரர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் குழந்தைகளை மைதானத்துக்கு ஏற்றி வரச் செய்தவர் யார்? ஓனிஷி! விழாவுக்குச் சமைக்கும் பன்றிக்கறி சூப்பில் உப்பு அதிகம் என்று சொல்லி ஆண்டுதோறும் நம் வீட்டுப் பெண்களிடம் திட்டு வாங்கியவர் யார்? அவரேதான்!

விழாவில் ஒரு குழந்தை முதல் பந்தை எறியும், நான் பிடிப்பேன், ஆட்டம் தொடங்கும். அதற்கு முன் ஒன்று நடக்கும், பார்த்திருப்பீர்கள். “கையுறையைத் திற” என்பார் கேப்டன். நான் திறந்து வைப்பேன். யாரும் எறிய மாட்டார்கள். பத்து எண்ணும் நேரம் அப்படியே இருப்பேன். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருப்பீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று சொல்லியாக வேண்டும்.

முதலாண்டு விழாவில் முதல் பந்தை எறிய வேண்டியவள் கொஹரு. எட்டு வயது. ஹமசாகி அம்மையாரின் மகள். முந்தைய வாரம் வார்டுக்குப் போனபோது சாக்ஸைப் பந்தாகச் சுருட்டி, கட்டிலில் உட்கார்ந்தபடியே என்மேல் எறிந்து பழகினாள்.

“மாமா, இப்படிக் குனிஞ்சு உட்காந்துட்டீங்களே, எழுந்திரிக்க முடியுமா? நர்ஸ் அக்காவைக் கூப்பிடவா?”

“முதல்ல நீ நேரா எறி. அப்புறம் கிண்டல் பண்ணு.”

“ஞாயித்துக்கிழமை பாருங்க. உங்க கை எரியப் போவுது.”

விழா நாளில் காலை ஆறு மணிக்குள் மைதானத்தைப் பார்த்து, ஆட்டம் உண்டா இல்லையா என்று சொல்வது செயலாளரின் வேலை. அன்று தூறல். நான் மைதானத்துக்குப் போகவே இல்லை. ஜன்னலைத் திறந்தேன், குளிர் அடித்தது, மூடினேன். “மைதானம் முழுக்கத் தண்ணி, அடுத்த ஞாயிறு வச்சுக்கலாம்” என்று கேப்டனுக்குப் போன் செய்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன். அவர் ஒருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, ஒரு மணி நேரத்தில் என் பொய் வார்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எட்டு மணிக்கு வெயில் வந்துவிட்டது. அதற்குள் டாக்சிகள் எல்லாம் சவாரிக்குப் போய்விட்டிருந்தன. கேப்டன் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தார். அவர் காலணியில் சேறுகூட ஒட்டவில்லை.

கொஹரு அந்த வியாழக்கிழமையே இறந்துபோனாள்.

கேப்டன் என்னைத் திட்டினாரா? இல்லை. நாலு அறை கொடுத்திருந்தால் ஆறியிருக்குமே! அந்தக் குழந்தையின் இறுதிச் சடங்கில் ஹமசாகி அம்மையாருக்கு முன் தலை குனிந்து நின்று, “ஒத்திவச்சது நான்தாம்மா” என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விழா நாளும் காலை ஐந்தரைக்கு என் போன் அடிக்கும். “மோரி, மைதானத்துல நிக்கிறேன். மழை பெஞ்சாலும் ஆடுறோம்.” அவ்வளவுதான், வைத்துவிடுவார். கொட்டுகிற மழையிலும் ஒரு இன்னிங்ஸாவது ஆடினோமே, டாக்சிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு குழந்தைகள் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்களே, அது எதற்காக என்று இப்போது தெரிகிறதா?

இன்னொன்றும் சொல்கிறேன். நான் மருந்து விற்கிறவன், பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்தப் பத்து எண்ணும் நேரத்தில் கையுறைக்குள் பந்து விழும். சாக்ஸைப் போல லேசாக விழும். சில ஆண்டு ஐந்து எண்ணும்போது, சில ஆண்டு ஒன்பது வரை காக்க வைத்துவிட்டு. பிறகு நாளெல்லாம் கை எரியும். ஒரு முறை பயந்துபோய்க் கேப்டனிடம் சொன்னேன். “எனக்கும் சத்தம் கேக்குதுடா” என்றார்.

இன்று காலை ஐந்தரைக்குப் போன் அடித்ததென்று எழுந்து உட்கார்ந்தேன். அடிக்கவில்லை.

கேப்டனின் துக்கத்துக்காக வரும் ஞாயிறு விழாவை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கலாம் என்று தலைவர் குசுமி அவர்கள் மரியாதையோடு சொன்னார். அறிவிப்பில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போட மாட்டேன், தலைவரே! நமக்கு அடுத்த மாதம் இருக்கலாம். வார்டில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் இருக்கிறதா?

ஹமசாகி அம்மையாரே, ஒத்திவைத்தது அவர் இல்லை. நான். இத்தனை ஆண்டுகளில் ஓனிஷி மேல் உங்களுக்கு ஏதாவது கோபம் இருந்திருந்தால், அது எனக்குச் சேர வேண்டியது. மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை, கேட்கவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கொஹருவின் பந்தை நீங்கள் வந்து எறிவீர்களா? எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் எறியுங்கள்.

கேப்டன்! ஞாயிறு காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நின்றுகொண்டு இவர்கள் எல்லோருக்கும் நான் போன் செய்வேன். மழை பெய்தாலும் ஆடுகிறோம். கையுறையைத் திறந்து வைப்பேன். இந்த முறை பத்து எண்ணி மூட மாட்டேன். அம்மையார் எறிகிறவரை அது திறந்தே இருக்கும்.