ஊசி பிடித்த கை

டாக்டர்: மறுபடியும் கேட்கிறேன் ஐயா... பேஸ்மேக்கர் வச்ச இடத்துல யாராவது கை வச்சீங்களா?

தையல்காரர்: இல்லம்மா. லேசா வீங்கிச்சு, தானா உடைஞ்சுது.

டாக்டர்: தானா உடைஞ்ச மாதிரி தெரியலையே. நடுவுல சின்னதா ஒரு ஓட்டை...

தையல்காரர்: சட்டையில குண்டூசி இருந்திருக்கும். தையல் கடையில அதுக்கா பஞ்சம்?

மனைவி: டாக்டர்... வந்து...

தையல்காரர்: நீ சும்மா இரு. வாயைத் திறந்தா நிறுத்த மாட்டா, டாக்டரம்மா.

டாக்டர்: விளையாட்டு இல்ல ஐயா. கிருமி வயர் வழியா இதயத்துக்குள்ள போயிருச்சு. வால்வுல ஒட்டிக்கிட்டிருக்கு. அதான் குளிர்காய்ச்சல் விட மாட்டேங்குது.

மனைவி: ஊசி மருந்துல சரியாகாதா?

டாக்டர்: மருந்து மட்டும் போதாதும்மா. பேஸ்மேக்கர் பெட்டி, வயர் எல்லாத்தையும் வெளியில எடுத்தாகணும். வயர் பழசு, சதையோட ஒட்டிப் போயிருக்கு. இழுக்கும்போது கிழிஞ்சா...

மனைவி: கிழிஞ்சா?

டாக்டர்: உயிருக்கே ஆபத்துதான். மறைக்க விரும்பல. நாளைக்குக் காலையில எடுக்கிறோம். கிருமி எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சாத்தானே ஏத்த மருந்து கொடுக்கலாம்? சொல்லுங்க.

தையல்காரர்: ...நான்தான் குத்தினேன். கண்ணாடியப் பார்த்து, தையல் ஊசியால. சீழ் வெளிய வந்தா சரியாயிடும்னு நினைச்சேன்.

டாக்டர்: இத வந்த உடனே சொல்லியிருக்கலாமே! சரி... நான் போய் ஏற்பாடு பண்றேன். நீங்க பேசிக்கிட்டிருங்க.

மனைவி: ...போயிட்டாங்க.

தையல்காரர்: ம்.

மனைவி: ஊசியில நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுற ஆளு. அந்த நடுக்கம் நடுங்குது கை. இவரு கண்ணாடியப் பார்த்துக் குத்தினாராம்!

தையல்காரர்: நம்பிட்டாங்கல்ல?

மனைவி: ஏங்க பொய் சொன்னீங்க? குத்தினது நான்.

தையல்காரர்: மெதுவா பேசு.

மனைவி: பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற ஊசி... நெருப்புல காட்டினா போதும்னு நினைச்சேனே, பாவி!

தையல்காரர்: நல்லாத்தான் குத்தினே. வலிக்கவே இல்ல.

மனைவி: சிரிக்காதீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்தக் கையால நான் எப்படிச் சோறு திம்பேன்?

தையல்காரர்: ஏய்... அழாத. கையக் கொடு.

மனைவி: வேணாம், தொடாதீங்க. உங்கள நானே கொன்னுட்டேன்.

தையல்காரர்: நீ இல்லடி.

மனைவி: பின்ன யாரு? அந்த ஊசியா?

தையல்காரர்: அத்தனை வருஷம் முன்னாடி பெட்டி வச்சு வீட்டுக்கு அனுப்பினாங்களே... நீ மருந்து வாங்கப் போயிருந்தே. அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, வீங்கினா உடனே வந்துடு, யாரையும் தொட விடாதேன்னு. திரும்பவும் அறுப்பாங்களேன்னு எனக்குப் பயம்... தெரிஞ்சேதான், சூட்டுக் கட்டின்னு சொல்லி உன் கையில ஊசியக் கொடுத்தேன்.