நான் பார்க்காத பச்சை மழைக்கோட்டு

சென்ற வாக்குமூலத்தில் எழுதப்பட்ட என் பெயர் சரி. வயது முப்பத்தெட்டு என்பது தவறு. அப்போது எனக்கு நாற்பத்துநான்கு, இப்போது நாற்பத்தைந்து. அதிலுள்ள முகவரி, ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நாங்கள் காலி செய்துவிட்ட வீட்டுடையது. இப்போது நானும் என் மனைவியும் பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம், இரண்டாம் மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறோம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் வேலை செய்கிறேன்.

அதற்கு முன் அச்சகத்தில் பதினொரு ஆண்டுகள் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நின்றேன். எல்லா நாளும் குடித்துவிட்டுத்தான் நின்றேன். அவசர வேலை வரும்போது மேலாளரே பாட்டில் வாங்கித் தருவார். கத்திக்கு முன்னால் இருக்க வேண்டிய இரும்புத் தடுப்பை மாட்டும்படி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன், என் கை நடுக்கம் அதிகமானதால் பைண்டிங் பிரிவு அக்காவை என் இடத்தில் நிற்க வைத்தார்கள். கத்தி இறங்கி அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அன்று மாலையே நான் வலிப்பு வந்து விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். அதன் பிறகு நான் குடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காவலர் வந்தபோது மேலாளர் என் கட்டிலருகே இருந்தார். "நம்ம அச்சகத்து எலக்ட்ரீசியன்தானே தடுப்பைக் கழட்டினான்? நீதான் பாத்தியேப்பா" என்றார். நான் ஆமாம் என்றேன். அதோடு நிற்காமல், அவர் பச்சை மழைக்கோட்டு போட்டிருந்தார், திருப்புளியைப் பல்லில் கடித்திருந்தார் என்றும் சொன்னேன். சொல்லும்போது அது எனக்குக் கண்ணால் கண்டது போலவே இருந்தது. அதை வைத்து எலக்ட்ரீசியன்மீது வழக்குப் போட்டு வேலையிலிருந்தும் நீக்கினார்கள்.

அதன் பிறகு எனக்கு வைட்டமின் ஊசிகள் போட்டார்கள். நினைவைச் சோதிக்க மருத்துவர் கடிகாரம் வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். ஐந்து சொற்கள் சொன்னால் ஒன்றுகூட நிற்காது. ஏழாம் மாதம் கடிகாரம் சரியாக வந்தது. பத்தாம் மாதம் ஐந்து சொற்களில் நான்கைத் திருப்பிச் சொன்னேன். வார்டு நர்ஸ், "அண்ணே, எனக்கே மூணுதான் நிக்குது" என்றார்.

சென்ற மாதம் பேச்சுவாக்கில் மழைக்கோட்டு விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். "என்ன மழைக்கோட்டு? அந்த மாசம் ஒரு சொட்டு மழை கிடையாது. பச்சைக் கோட்டு போட்டவரு உங்க பழைய அட்டைப்பெட்டி கம்பெனி வாட்ச்மேன்" என்றாள். அதன் பிறகு மருத்துவரிடம் கேட்டேன். குடியால் கெட்ட மூளை, காலியாக இருக்கும் இடத்தைக் கையில் கிடைத்ததைக் கொண்டு அடைத்துக்கொள்ளும் என்றார். விபத்து நடந்த அந்த நாள் நினைவுக்குத் திரும்ப வருமா என்றேன். "வராது. பதிஞ்சாத்தானே வர்றதுக்கு? ஆனா எது உங்க ஞாபகம், எது இல்லேன்னு இப்போ பிரிச்சுப் பாக்கறீங்களே, அதுதான் குணம்" என்றார்.

அதன் பிறகு எலக்ட்ரீசியனைத் தேடிப் போனேன். தெருவோரம் மின்விசிறி பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர், "அண்ணே, நீங்க அவ்வளவு தெளிவா சொன்னதும், ஒருவேளை நான்தான் கழட்டிட்டு மறந்துட்டனோன்னு பதினாலு மாசமா மண்டையைப் பிச்சுக்கிட்டேன்" என்றார்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. அந்தத் தடுப்பு விபத்துக்கு முன் பல மாதங்களாகச் சுவரில்தான் சாய்ந்து கிடந்தது. தினமும் அதன்மேல் என் சட்டையை மாட்டுவேன். அதனால் முதுகில் குறுக்காகக் கிரீஸ் கறை படியும். துவைத்தும் போகாததால் வீட்டில் தினம் சண்டை. அந்தச் சட்டைகளில் ஒன்றை இத்துடன் ஒப்படைக்கிறேன். தடுப்பின் விளிம்பில் வைத்து அளந்து பார்க்கலாம்.

இதை எழுதிய காவலர், "இப்ப மட்டும் உன்னை எப்படி நம்பறது? நேத்து என்ன சட்டை போட்டிருந்தே?" என்றார். "இதேதான் சார். இருக்கறதே ரெண்டு. இன்னொண்ணு உங்க மேசைமேல இருக்கு" என்றேன். முதலில் சொன்னது தவறென்றால் என்மீதே வழக்கு வரலாம் என்றும் எச்சரித்தார். வரட்டும் என்றேன். கடைசியில், "அப்போ தடுப்பை யாருதான்யா கழட்டினது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் "நினைவில்லை" என்று எழுதினார். அதை அடித்துவிட்டு, "பார்க்கவில்லை, தெரியாது" என்று எழுதக் கேட்டுக்கொண்டேன். அப்படியே எழுதினார்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். பிறகு நானே ஒருமுறை படித்தேன். யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கவில்லை. தெரியும் என்று நான் சொன்னவை உண்மை. தெரியாது என்று சொன்னதும் உண்மை.

(கையெழுத்து)
சலவைக்கூடத் தொழிலாளி

என் முன்பாக,
உதவி ஆய்வாளர்